போர்க்கப்பல் தற்காப்பில் தரைப்படைக் கவச வாகனங்கள்

போர்க்கப்பல் தற்காப்பில் தரைப்படைக் கவச வாகனங்கள் என்பது, விரைவாக நெருங்கி வரும் சிறு படகுகளிடமிருந்து ஒரு கப்பலைக் காக்கும் பொருட்டு, தரைப்போருக்கென உருவாக்கப்பட்ட கவச வாகனங்களையோ அவற்றின் பீரங்கிகளையோ கப்பலில் பயன்படுத்தும் முறையைக் குறிக்கும். இது இரு வகையில் நடைபெறுகிறது. முதல் வகையில், கப்பல் ஏற்றிச் செல்லும் வாகனமே மேல்தளத்தில் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டுச் சுடுநிலையாக ஆக்கப்படுகிறது. இது தற்காலிக ஏற்பாடாகும். இரண்டாம் வகையில், வாகனத்தின் பீரங்கி மட்டும் எடுக்கப்பட்டு, கடலுக்கு ஏற்றவாறு மாற்றப்பட்டுக் கப்பலில் நிலையாகப் பொருத்தப்படுகிறது. அமெரிக்க ஈரூடகப் படை முதல் வகைக்கும், இந்தியக் கடற்படையின் 30 மிமீ சி.ஆர்.என். 91 பீரங்கி இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகளாகும்.

பின்புலம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பெரிய போர்க்கப்பல்களின் ஆயுதங்கள் பெரும்பாலும் பிற கப்பல்களையும், நீர்மூழ்கிகளையும், வானூர்திகளையும், ஏவுகணைகளையும் எதிர்கொள்ள வடிவமைக்கப்பட்டவை. வெடிமருந்து ஏற்றிய சிறு கண்ணாடியிழைப் படகு இவற்றுள் எந்த வகையிலும் அடங்குவதில்லை. அது உயரம் குறைந்தது, அலைகளுக்கிடையே கதுவீயில் எளிதில் தென்படாதது, விலை மலிவானது. மணிக்கு 40 கடல்மைல் விரைவில் வரும் படகு ஒன்று 2 கிலோமீட்டர் தொலைவை ஏறத்தாழ 97 நொடிகளில் கடந்துவிடும். அதற்குள் அதனைக் கண்டு, இன்னதென அறிந்து, எச்சரித்து, தேவையெனில் சுட்டு நிறுத்த வேண்டும். பல படகுகள் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் வருமாயின் இவ்வேலை மேலும் கடினமாகிறது.

இத்தகைய போர்முறை முழு அளவில் வளர்ந்த இடங்களில் ஒன்று, தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலும் இலங்கையின் வடகிழக்குக் கரையோரமும் ஆகும். 1990 சூலை 10 அன்று வல்வெட்டித்துறைக்கு அப்பாலுள்ள கடலில், இலங்கைக் கடற்படையின் எடித்தாரா என்னும் கப்பல் மீது தமிழீழ விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய படகால் தாக்கினர். இதுவே கடற்கரும்புலிகளின் முதல் தாக்குதலாகும். 1994 செப்டம்பரில் சாகரவர்தன என்னும் சுற்றுக்காவல் கப்பல் மன்னார்க் கடற்பகுதியில் இதே முறையில் மூழ்கடிக்கப்பட்டது. 2006 மே 11 அன்று, 700க்கும் மேற்பட்ட படையினரை ஏற்றிச் சென்ற பேர்ள் குரூஸ் 2 என்னும் கப்பலைக் கடற்புலிகளின் படகுகள் தாக்க முற்பட்டன. அக்கப்பல் தப்பியது, அதற்குக் காவலாகச் சென்ற டுவோரா வகைத் தாக்குதல் படகு ஒன்று அழிந்தது.

உலகின் கவனம் இச்சிக்கலின்பால் திரும்பியது 2000 அக்டோபர் 12 அன்று நடந்த நிகழ்வுக்குப் பின்னரே. அன்று ஏமனின் ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த யூ.எஸ்.எஸ். கோல் என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பலின் அருகே வந்த சிறு படகு வெடித்ததில் 17 கடற்படையினர் இறந்தனர். 2008 சனவரி 6 அன்று ஓர்முசு நீரிணையில் ஈரானியப் புரட்சிக் காவல் படையின் ஐந்து விரைவுப் படகுகள் மூன்று அமெரிக்கப் போர்க்கப்பல்களை நெருங்கின. அப்போது சூடு எதுவும் நடைபெறவில்லை. எனினும் குறுகிய நீரிணைகளைக் கடக்கும் கப்பல்களுக்கு அண்மைத் தற்காப்பு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு மீண்டும் உணர்த்தியது.

கவச வாகனத்தின் தகுதிகள்

காலாட்படைச் சண்டை வாகனம் ஒன்றின் முதன்மை ஆயுதம் பெரும்பாலும் 20 முதல் 40 மிமீ வரையிலான தானியங்கிப் பீரங்கியாகும். சிறு படகை நிறுத்துவதற்கு இந்த அளவு பொருத்தமானது. 7.62 மிமீ இயந்திரத் துப்பாக்கியின் வீச்சு இதற்குப் போதாது. 127 மிமீ கப்பற் பீரங்கியோ விரைந்து திசை மாறும் அண்மை இலக்குகள் பலவற்றுக்கு உகந்ததன்று. இடைப்பட்ட 25 அல்லது 30 மிமீ பீரங்கி, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலேயே படகின் இயந்திரத்தையும் உடற்பகுதியையும் சிதைக்க வல்லது.

வாகனத்தின் பிற கருவிகளும் கடலில் பயன்தருவனவே. மேடுபள்ளமான நிலத்தில் ஓடிக்கொண்டே சுடுவதற்காகப் பீரங்கியுடன் நிலைநிறுத்தி ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். அலையில் ஆடும் தளத்தின் அசைவையும் அது ஓரளவு ஈடுசெய்யும். வெப்பப் படிமக் குறிநோக்கி, இருளிலும் படகின் இயந்திர வெப்பத்தைக் காட்டும். இருவழி வெடிபொருள் ஊட்டம் உள்ள பீரங்கிகளில், கவசம் துளைக்கும் குண்டிலிருந்து வெடிக்கும் குண்டிற்கு உடனே மாறலாம். சுடுநர் கவசத்தின் உள்ளே இருப்பதால், படகிலிருந்து வரும் துப்பாக்கிச் சூட்டிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது.

முற்கால எடுத்துக்காட்டுகள்

தரைப்படை ஆயுதங்களைக் கலங்களில் ஏற்றும் வழக்கம் புதியதன்று. சோவியத் ஒன்றியத்தின் 1124, 1125 ஆகிய திட்ட எண்களைக் கொண்ட கவச ஆற்றுப்படகுகளில் பீரங்கி வண்டிகளின் சுழல் கோபுரங்கள் அப்படியே பொருத்தப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது வோல்கா, தன்யூபு ஆறுகளில் இப்படகுகள் போரிட்டன. வியட்நாம் போரில், 1967 ஆம் ஆண்டளவில், தீயெறியும் கவச வாகனங்களை அமெரிக்கப் படையினர் படகுகளில் ஏற்றி ஆற்றங்கரைகளைத் தாக்கினர். இவற்றின் நோக்கம் பெரும்பாலும் கரையைத் தாக்குவதே. சிறு படகுகளிடமிருந்து பெருங்கப்பலைக் காத்தல் என்னும் நோக்கம் பின்னரே முதன்மை பெற்றது.

கப்பல் தளத்தில் வாகனங்கள்

அமெரிக்க ஈரூடகப் படையினர் பயணம் செய்யும் நீர்நிலத் தாக்குதல் கப்பல்கள் பல கவச வாகனங்களைக் கரையிறக்குவதற்காகச் சுமந்து செல்கின்றன. கரையிறங்கும் வரை இவ்வாகனங்கள் கப்பலின் வயிற்றில் வாளாவிருக்கும். ஆகவே நீரிணைகளைக் கடக்கும்போது அவற்றை மேலே கொண்டுவந்து தளத்தின் ஓரங்களில் நிறுத்தும் வழக்கம் ஏற்பட்டது. கனரக இயந்திரத் துப்பாக்கி பொருத்திய அம்வீ ஊர்திகளும், எட்டுச் சக்கரங்கள் கொண்ட எல்.ஏ.வி. 25 வாகனங்களும் இவ்வாறு பயன்படுத்தப்பட்டுள்ளன. 2019 ஆம் ஆண்டில் ஓர்முசு நீரிணைப் பகுதிக்குச் சென்ற யூ.எஸ்.எஸ். பாக்சர் கப்பலின் தளத்தில் எல்.ஏ.வி. 25 நிறுத்தப்பட்டது பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

எல்.ஏ.வி. 25 வாகனத்தில் உள்ள 25 மிமீ புஷ்மாஸ்டர் பீரங்கியே, அமெரிக்கப் போர்க்கப்பல்களின் மார்க் 38 பீரங்கி அமைப்பிலும் உள்ளது. எனவே வாகனத்தைத் தளத்தில் நிறுத்துவதால் கப்பலுக்குப் புதுவகை ஆயுதம் கிடைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள வகையில் கூடுதலாக ஒன்று, வேண்டிய பக்கத்தில் கிடைக்கிறது.

அதே பாக்சர் கப்பல் 2019 சூலை 18 அன்று தன்னை நெருங்கிய ஈரானிய ஆளில்லா வானூர்தி ஒன்றை மின்காந்த இடையூறு மூலம் வீழ்த்தியதாக அமெரிக்கா அறிவித்தது. ஈரான் அதனை மறுத்தது. அதற்குப் பயன்பட்ட கருவியும் தளத்தில் நிறுத்தப்பட்டிருந்த சிறு தரை ஊர்திகளிலேயே அமைந்திருந்தது.

2022 ஆம் ஆண்டில் உருசியக் கடற்படை, வாசிலி பீக்கொவ் என்னும் சுற்றுக்காவல் கப்பலின் உலங்கு வானூர்தித் தளத்தில் தோர் வான்காப்பு ஏவுகணை அமைப்பை ஏற்றியது. இது வான் தாக்குதலுக்கு எதிரானது எனினும், கப்பலில் இல்லாத ஆயுதத்தைத் தரைப்படையிடம் பெற்று ஏற்றுதல் என்னும் அதே கருத்தின்பாற்பட்டதாகும். அவ்வாண்டு சூன் மாதத்தில், இத்தகைய தோர் அமைப்பை ஏற்றியிருந்த வாசிலி பேக் என்னும் இழுவைக் கப்பலை உக்ரைன் ஏவுகணைகளால் மூழ்கடித்தது. தளத்தில் கட்டப்பட்ட ஆயுதம் கப்பலின் முழுமையான தற்காப்பு அமைப்புக்கு ஈடாகாது என்பதற்கு இது சான்றாகச் சுட்டப்படுகிறது.

இந்தியாவில்: வாகனத்திலிருந்து கப்பலுக்கு

இந்தியா இரண்டாம் வகையைப் பின்பற்றியது. சோவியத் வடிவமைப்பான பி.எம்.பி. 2 காலாட்படைச் சண்டை வாகனம், சரத் என்னும் பெயரில், இன்றைய தெலங்காணாவில் உள்ள மேடக் படைக்கலத் தொழிற்சாலையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து உருவாக்கப்பட்டது. அவ்வாகனத்தின் 30 மிமீ 2ஏ42 பீரங்கி நிமிடத்திற்கு 200 முதல் 300 குண்டுகளை மெதுவான முறையிலும், 550 குண்டுகளுக்கு மேல் விரைவான முறையிலும் சுட வல்லது. இருவழி ஊட்டம் உடையது. இப்பீரங்கியைக் கப்பலுக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்ததே சி.ஆர்.என். 91 ஆகும். குறிநோக்கும் கருவிகள் பீரங்கியினின்று பிரிக்கப்பட்டு, நிலைநிறுத்தப்பட்ட தனி மேடையில் வைக்கப்படுகின்றன.

இந்தியக் கடற்படையின் பங்காரம் வகை, கார் நிக்கோபார் வகைச் சுற்றுக்காவல் கப்பல்களிலும், கடலோரக் காவல் படையின் பல கலங்களிலும் மேடக்கின் 30 மிமீ பீரங்கி முதன்மை ஆயுதமாக உள்ளது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றிக் கடல்வழி வந்தமையால், இத்தகைய சிறு கலங்களின் தேவை மேலும் உயர்ந்தது.

இத்துறையில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது, மேடக் தொழிற்சாலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின்கீழ் வந்தது. அதே ஆண்டில், திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை, இசுரேலிய நிறுவனத் தொழில்நுட்பத்துடன் தயாரித்த 12.7 மிமீ தொலைவியக்கத் துப்பாக்கிகளைக் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் வழங்கியது. சிறு படகுகளை எதிர்கொள்வது இவற்றின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகும். வீரர் தளத்தில் வெளிப்பட்டு நிற்காமல் உள்ளிருந்தே இயக்கும் இம்முறையும், கவச வாகனச் சுடுநரின் முறையை ஒத்ததேயாகும்.

குறைபாடுகள்

தளத்தில் வாகனத்தை நிறுத்தும் முறைக்குப் பல வரம்புகள் உள்ளன.

- வாகனத்தின் நிலைநிறுத்தி நில அதிர்வுகளுக்கென அமைந்தது. பேரலைகளில் ஏற்படும் நீண்ட உருளலை அது முழுமையாக ஈடுசெய்வதில்லை.
- கப்பலின் கதுவீ, போர் மேலாண்மை அமைப்பு ஆகியவற்றோடு வாகனம் இணைக்கப்படுவதில்லை. இலக்கு எதுவென்பது வானொலி வழியே வாய்மொழியாகவே கூறப்படும்.
- தளத்தின் விளிம்பு மறைப்பதால், கப்பலை ஒட்டி வந்துவிட்ட படகை நோக்கிக் குழலைத் தாழ்த்த இயலாது.
- உப்புக் காற்று மின்னணுக் கருவிகளையும் உலோகப் பகுதிகளையும் அரிக்கும்.
- எரிபொருளும் வெடிபொருளும் நிறைந்த வாகனம் தளத்தில் தாக்கப்பட்டால் தீ பரவும். உலங்கு வானூர்திகள் இறங்கும் இடமும் குறையும்.

பெரிய பீரங்கிகளில் இச்சிக்கல்கள் மேலும் மிகும். 2000களின் தொடக்கத்தில் செருமனி, தன் 155 மிமீ தானுந்து பீரங்கியின் சுழல் கோபுரத்தை அம்பர்க் என்னும் போர்க்கப்பலில் பொருத்திச் சோதித்தது. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. புதிய கப்பல்களுக்கு 127 மிமீ கப்பற் பீரங்கியே தேர்ந்தெடுக்கப்பட்டது.

அடையாளம் காணும் சிக்கலும் மீனவரும்

பீரங்கியின் வீச்சும் விரைவும் எவ்வளவு மிகுந்தாலும், நெருங்கி வரும் படகு யாருடையது என்ற கேள்விக்கு அவை விடை தருவதில்லை. தாக்குதல் படகும் மீன்பிடிப் படகும் தோற்றத்தில் ஒத்திருப்பதே இப்போர்முறையின் அடிப்படை. இதன் விளைவைத் தமிழ்நாட்டு மீனவர்கள் நேரடியாக அறிவர்.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்பகுதியில், என்ரிக்கா லெக்சி என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கிருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் எனக் கருதிச் சுட்டதில் இரு இந்திய மீனவர்கள் இறந்தனர். அவர்களுள் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அதே ஆண்டு சூலை 16 அன்று துபாய்க்கு அருகே, அமெரிக்கக் கடற்படையின் ராப்பகானொக் என்னும் எரிபொருள் வழங்கு கப்பல், தன்னை நெருங்கிய படகு மீது கனரக இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. இராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். எச்சரிக்கைகளைப் படகு பொருட்படுத்தவில்லை என அமெரிக்கத் தரப்பு கூறியது. எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை என உயிர் தப்பியோர் கூறினர். 2022 அக்டோபர் 21 அன்று பாக்கு விரிகுடாவில், இந்தியக் கடற்படையின் பங்காரம் கப்பலில் இருந்தவர்கள் சுட்டதில் தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் காயமடைந்தார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை எனக் கடற்படை விளக்கம் அளித்தது.

இந்நிகழ்வுகள் எவற்றிலும் கவச வாகனம் பயன்படவில்லை. ஆயினும் தளத்தில் நிறுத்தப்படும் வாகனத்தின் சுடுநரும் இதே முடிவை, இதே குறுகிய நேரத்தில் எடுக்க வேண்டியவராவார். ஆகவே ஒலிபெருக்கி, ஒளிவீச்சு, எச்சரிக்கைச் சூடு எனப் படிப்படியாகச் செல்லும் விதிகள் கடற்படைகளில் கடைப்பிடிக்கப்படுகின்றன. வாகனத்தின் வெப்பப் படிமக் குறிநோக்கி இங்கும் உதவக்கூடும். படகில் வலை உள்ளதா, எத்தனை பேர் உள்ளனர், அவர்கள் என்ன செய்கின்றனர் என்பனவற்றைத் தொலைவிலேயே காண முடிந்தால், முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் நீள்கிறது.

ஆளில்லாப் படகுகள்

2022 அக்டோபர் 29 அன்று செவஸ்தபோல் துறைமுகத்தை உக்ரைன் ஆளில்லாப் படகுகளால் தாக்கியது. 2024 தொடக்கத்தில் இவானவெத்சு, சீசர் கூனிக்கொவ், செர்கேய் கோத்தொவ் ஆகிய உருசியக் கப்பல்கள் இத்தகைய படகுகளால் மூழ்கடிக்கப்பட்டன. உயரம் மிகக் குறைந்த இப்படகுகள் பெரும்பாலும் இரவில், கூட்டமாக வருபவை. இவற்றை எதிர்கொள்ள வெப்பப் படிமக் குறிநோக்கியும் நிலைநிறுத்தியும் கொண்ட 25 முதல் 30 மிமீ வரையிலான பீரங்கிகளின் தேவை மீண்டும் உணரப்பட்டுள்ளது. கவச வாகனங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் இவ்வமைப்பு, தளத்தில் கட்டப்பட்ட வாகனமாக அன்றி, கப்பலின் நிலையான உறுப்பாக இருக்கும்போதே முழுப்பயன் தருகிறது.