அமெரிக்க மதுவிலக்கு: ஓட்டை சட்டத்திலேயே இருந்தது

அமெரிக்க மதுவிலக்கு (1920–1933) ஏன் தோத்துச்சுன்னு கேட்டா, எல்லாரும் அல் கபோனைத்தான் காட்டுவாங்க. ஆனா சட்டத்தை எடுத்துப் படிச்சுப் பாருங்க, ஓட்டை அதிலேயே இருக்கு.

18-வது திருத்தம் தடை செய்தது மதுவைத் தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது, ஏற்றுமதி, இறக்குமதி. குடிப்பதை அல்ல! தடைக்கு முன்பே வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்த பணக்காரர் தாராளமாகக் குடிக்கலாம். அமலாக்க வந்த வோல்ஸ்டெட் சட்டமோ, டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கி, தேவாலயத்துக்கு ஒயின் என்று விலக்கு தந்தது. சிலர் சாமியார் வேஷம் போட்டுக்கூட ஒயின் வாங்கினாங்க.

சரி, கண்காணிக்க எத்தனை பேர்? தொடக்கத்தில் மத்திய ஏஜெண்டுகள் சுமார் 1,500 பேர். இரண்டு பெரிய கடற்கரை, கனடா எல்லை, மெக்சிகோ எல்லை எல்லாத்துக்கும் சேர்த்து! சம்பளம் குறைவு, லஞ்சம் அதிகம். மாநிலங்கள் கைகொடுக்கும்னு நம்பினாங்க. மேரிலாந்து அமலாக்கச் சட்டமே போடவில்லை. நியூயார்க் தன் சட்டத்தை 1923-ல் ரத்து செய்தது.

கொடுமை என்னன்னா, தொழிற்சாலை ஆல்கஹால். கடத்தல்காரர்கள் அதைத் திருடிச் சுத்திகரித்து விற்றார்கள். தடுப்பதற்காக, அதில் கலக்கும் மெத்தனாலின் அளவை அரசே கூட்ட வைத்தது. குடி நிற்கவில்லை, ஆட்கள்தான் செத்தார்கள். காசிருந்தவனுக்குக் கனடா விஸ்கி, இல்லாதவனுக்கு இந்த விஷம்.

பொருளாதார மந்தம் வந்ததும் அரசுக்கு மது வரி தேவைப்பட்டது. 1933 டிசம்பர் 5-ல் 21-வது திருத்தம் தடையை நீக்கியது. அமெரிக்க அரசியலமைப்பில் முழுசா ரத்தான ஒரே திருத்தம் இன்றுவரை இதுதான்.