உறைந்த மழையும் தேங்காய் மாசியும்

செக் மொழியில் ஒருத்தர் அளவுக்கு மீறிக் குடித்திருந்தால் "டென்மார்க்காரன் மாதிரிக் குடிச்சிருக்கான்" என்பார்கள். புத்திசாலியை ரேடியோவுக்கு ஒப்பிடுவார்கள். ஒன்றும் புரியாமல் முழிப்பவரைப் "புதுக் கேட்டைப் பார்த்த கன்றுக்குட்டி" என்பார்கள். நோர்வூட்டில் இருந்துகொண்டு கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கன்றுக்குட்டிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் புது வாசலுக்கு முன்னால் ஒரு மாடு முழித்துக்கொண்டு நிற்கிறது. செக் நாடு 1526 முதல் 1918 வரை ஹாப்ஸ்பர்க் அரசர்களின் கீழே இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டு மொழிகளும் ஒரே சந்தையிலும் ஒரே பள்ளிக்கூடத்திலும் புழங்கின. சரக்கு கைமாறுகிற மாதிரி உவமையும் கைமாறும்.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுபோன கமில் சுவெலபில் (1927–2009) பிராக்கில் பிறந்தவர். தாமரை போன்ற முகம் என்று ஒரு செக் வாசகர் படித்தால், கன்றுக்குட்டி கதையைக் கேட்ட எங்களை மாதிரித்தான் முழித்திருப்பார். நாங்கள் இங்கே பேச நினைப்பது எதிர்த்திசைப் பயணத்தைப் பற்றி. வெளியிலிருந்து தமிழுக்குள் வந்த உவமைகள் என்ன ஆயின? மலையகத்தில் பிறந்த உவமைகள் எங்கே போயின?

விவிலியத்திலிருந்தே தொடங்கலாம். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சானது. பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு 1796இல் நிறைவடைந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணையாக இருந்து உருவாக்கிய பதிப்பு 1850இல் வந்தது. பவர் தலைமையிலான குழுவின் பதிப்பு 1871இல் வந்தது. இவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரே சிக்கல் நின்றது. மூல நூலில் பாவம் கழுவப்பட்டு வெள்ளையாவதற்கு 'ஸ்னோ' உவமையாக வருகிறது. தமிழ் நிலத்தில் ஸ்னோ ஏது? 'பனி' என்று எழுதினால் விடியக்காலைப் புல்லில் இருக்கும் ஈரமும், மூடிக்கிடக்கும் புகாரும் மனசுக்கு வரும். வெள்ளை நிறம் வராது. பழைய தமிழில் வெண்மைக்குப் பாலும் சங்கும் நிலவும் கொக்கும்தான் உவமைகள்.

பழைய திருப்புதலில் இருக்கும் விடை 'உறைந்த மழை'. அதே இடத்தில் மூலத்தில் வரும் ஆட்டுக் கம்பளி 'பஞ்சு' ஆகிவிட்டது. அதாவது ஒரு உவமைக்குப் புதுச் சொல்லே கட்டினார்கள், இன்னொன்றின் பொருளையே மாற்றினார்கள். இரண்டும் நியாயமான வழிகள்தான். தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. இங்கே உரு, அதாவது நிறம்தான் முக்கியம். கம்பளி போனாலும் வெள்ளை நிறம் தப்பிவிட்டது.

ஆனால் நுவரெலியாப் பக்கம் இந்த உவமை வேறு மாதிரிக் கேட்கும். ஜனவரி, பெப்ரவரியில் அங்கே தண்ணீர் நிஜமாகவே உறையும். விடியலில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். பனி பட்ட மலையில் கொழுந்து குறைந்தால் பேரும் குறையும், சம்பளமும் குறையும். மன்னிப்புக்கு அடையாளமாக வந்த வெள்ளை, இங்கே கருகல் ஆகிவிடுகிறது.

தோட்டத்துக்குள் மொழிபெயர்ப்பு வேறொரு வேலையைப் பார்த்தது. 'இங்கே வா' என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்னத்துரைமாருக்காக வெளிவந்த ஒரு தமிழ்க் கையேட்டின் பெயர். பெயரே ஒரு கட்டளை! 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு கையேட்டின் தலைப்பு 'கூலித் தமிழ்'. வேலை வாங்கத் தேவையான தமிழ்தான் இந்த நூல்களுக்கு வேண்டியிருந்தது. ஏவலுக்கு உவமை தேவைப்படாது. அதேநேரம் ஆங்கிலச் சொற்கள் எங்கள் வாய்க்குள் வந்து வேறு உருவம் எடுத்தன: 'பரேட்' பெரட்டு ஆனது, 'லைன்' லயம் ஆனது.

இதற்கு முன்பே 1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' ஆங்கில மொழிபெயர்ப்போடு யாழ்ப்பாணத்தில் அச்சாகியிருந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் சொல்லும் நூல் அது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதலில் காணப்பட்டதும் அதே ஆண்டில்தான். கும்மி அச்சில் ஏறியது, கோப்பி சாகத் தொடங்கியது.

பிறகு ஸி.வி. வேலுப்பிள்ளை வருகிறார். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் எங்கள் மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. 1954இல் அவருடைய நீண்ட கவிதை 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' ஆங்கிலத்தில் வெளிவந்தது. சக்தீ பால ஐயாவின் தமிழாக்கம் 'தேயிலைத் தோட்டத்திலே' 1969இல்தான் வந்தது. தோட்டத்து வாழ்க்கை முதலில் வெளியாருக்கு ஆங்கிலத்தில் போய், பதினைந்து வருசம் கழித்து அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களின் மொழிக்குத் திரும்பியது. ஸி.வி. தோட்டங்களில் பாடப்பட்ட நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். இந்தச் சனங்களின் பேச்சு எழுத்தில் ஏற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது எங்கள் பாடசாலைகளுக்கு வருவோம். சாதாரண தரத்துக்குப் படிக்கும்போது "இலவு காத்த கிளி போல" என்று எழுதி வைத்துப் பாடமாக்குகிறோம். இலவம் பழம் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் பறந்தது என்பது கதை. நோர்வூட் உயரத்தில் இலவமரம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஆனால் அதே பொருளைச் சொல்ல எங்கள் வீடுகளில் வேறொன்று இருக்கிறது: தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும். தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி இந்தியாவிலிருந்து கூட்டிவந்தார்கள் என்று அப்பாயிமார் சொல்லுவாங்க. தோண்டினால் வேர்தான் வந்தது. 1948இல் பறிபோன குடியுரிமைக்கு 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை எண்ணிப் பிரித்தது. மிச்சமிருந்தவர்களுக்கு வழிசெய்ய 2003வரை ஆனது. கிளியைவிட நாங்கள் அதிக காலம் காத்திருந்தோம்.

கிளியை விரட்டச் சொல்லவில்லை. அதுவும் நல்ல உவமைதான், எங்கள் தமிழின் சொத்துத்தான். ஆனால் பரீட்சைத் தாளில் கிளி எழுதினால் புள்ளி கிடைக்கிறது, தேங்காயும் மாசியும் எழுதினால் "தோட்டப் பேச்சு" என்று சிவப்புக் கோடு விழுகிறது. உறைந்த மழையை ஏற்றுக்கொண்ட தமிழுக்கு இது ஒரு பாரமா?

ஆகவே ஒரு சின்ன வேலை. இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாயி, அப்பாயி, தாத்தா 'மாதிரி' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் வரும் சொல்லை எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவங்க இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.