பனிமனிதனின் பாதம்

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ஆம் நாள். தருமபுரியில் நான் பணியாற்றும் கல்லூரியில் தேர்வு எழுத வந்திருந்த மாணவர்கள் சிலர், மரத்தடியில் ஒரு நாளிதழைச் சூழ்ந்து நின்றனர். நேபாளத்தில் மக்காலு சிகரத்தின் அடிவார முகாமுக்கு அருகே, ஏப்ரல் 9-ஆம் நாள், இந்திய ராணுவத்தின் மலையேற்றக் குழுவினர் பனியில் விந்தையான காலடித் தடங்களைக் கண்டனர். அவை 'யெட்டி' எனப்படும் பனிமனிதனுடையவை என்று ராணுவம் முந்தின நாள் படத்துடன் அறிவித்திருந்தது. தடத்தின் நீளம் 32 அங்குலம். அகலம் 15 அங்குலம்.

"ராணுவமே சொல்லிவிட்டது, இனி என்ன சந்தேகம் சார்?" என்றார் ஒருவர். பென்னாகரத்திற்கு அப்பால் மலையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் இன்னொரு மாணவர் படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கரடி போன தடம் மாதிரி இருக்குங்க சார்" என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சொன்னவர் யார் என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த 32 அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐந்தரை அடி உயரமுள்ள மனிதனின் பாதம் ஏறக்குறைய 10 அங்குலம் இருக்கும். அதாவது, உயரம் பாதத்தைப் போல் 6.6 மடங்கு. இதே விகிதத்தில் 32 அங்குலப் பாதத்திற்கு உரியவனின் உயரம் ஏறத்தாழ 17½ அடி ஆகிறது! தெருவில் நின்றபடியே முதல் மாடிச் சன்னலுக்குள் அவன் எட்டிப் பார்க்கலாம்.

உயரம் 3.2 மடங்கு கூடினால் எடையும் 3.2 மடங்குதான் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. நீளம், அகலம், பருமன் ஆகிய மூன்றும் கூடுவதால், எடை 3.2-இன் மும்மடியாக, அதாவது சுமார் 33 மடங்காகப் பெருகும். 60 கிலோ மனிதன் 2 டன் ஆகிவிடுகிறான். ஆனால் அந்த எடையைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்கு வெட்டுப் பரப்போ 3.2-இன் இருமடியாக, சுமார் 10 மடங்குதான் கூடுகிறது. ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் நம் எலும்பைவிட 3.2 மடங்கு சுமையைத் தாங்கியாக வேண்டும். சும்மா நிற்கும்போதே, தன்னையொத்த இருவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பதற்கு ஒப்பான நிலை இது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால்மீது விழும் விசை உடல் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆகும். அப்படியானால், பாறைக்குப் பாறை தாவுவதாகச் சொல்லப்படும் பனிமனிதனின் தொடை எலும்பு, நாம் நிற்கும்போது தாங்கும் தகைவைப் போல் 8 மடங்கைத் தாங்க வேண்டும்.

இந்தக் கணக்கு புதியதன்று. 1638-இல் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' என்ற நூலில் கலிலியோ இதை விளக்கி, பேருருவுக்குத் தேவைப்படும் தடித்த எலும்பின் படத்தையும் வரைந்து காட்டினார். 1926-இல் உயிரியலறிஞர் ஹால்டேன் கதைப்புத்தக அரக்கர்களுக்கு இதே கணக்கைப் போட்டார். மனிதத் தொடை எலும்பு உடல் எடையைப் போல் சுமார் 10 மடங்கு சுமையில் முறிந்துவிடும் என்பது அவர் குறிப்பு. இதே ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

2 டன் எடையுள்ள உயிர் உலகில் இல்லாமலா இருக்கிறது? நம் ஒகேனக்கல் காட்டு யானையைப் பாருங்கள். அதன் எடை நான்கு கால்களில் பகிரப்படுகிறது. கால்களோ தூண்களைப் போல் நேராகவும் பருமனாகவும் அமைந்துள்ளன. அப்படியும் யானையால் தாவ இயலாது. எவ்வளவு விரைந்தாலும் அதன் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதில்லை.

மனிதரிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1918-இல் பிறந்த ராபர்ட் வாட்லோ 8 அடி 11 அங்குல உயரம் வளர்ந்தார். அவருடைய பாதத்தின் நீளம் 18½ அங்குலம். எடை ஏறக்குறைய 200 கிலோ. கால்களுக்கு இரும்புத் தாங்கிகள் இல்லாமல் அவரால் நடக்க இயலவில்லை. பாதங்களில் உணர்ச்சியும் குன்றியிருந்தது. தாங்கி உராய்ந்து கணுக்காலில் ஏற்பட்ட கொப்புளம் சீழ்ப்பிடித்து, 1940-இல் தமது 22-ஆம் வயதில் அவர் மாண்டார். பேருருவை வலிமையின் அடையாளமாக எண்ணுவோர் இந்த இளைஞரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனினும் பனிமனிதனுக்கு அநீதி இழைத்துவிடக் கூடாது. 1951-இல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் எடுத்த புகழ்பெற்ற படத்திலுள்ள தடம் சுமார் 13 அங்குலமே. அதற்கு உரிய உயரம் 7 அடி. எடை 130 கிலோ. இதற்கு இயற்பியல் எவ்விதத் தடையும் சொல்லாது. குளிரும் அவனுக்கு ஓரளவு துணையே. உருவம் பெரிதாகப் பெரிதாக, எடையோடு ஒப்பிட்டால் வெப்பத்தை இழக்கும் தோற்பரப்பு குறைகிறதன்றோ? வெறுங்காலுடன் பனியில் நடப்பதும் புதுமையன்று. ஓநாயும் கரடியும் அவ்வாறுதானே நடக்கின்றன?

அவனை வீழ்த்துவது வயிறுதான். 130 கிலோ எடையுள்ள பாலூட்டி ஓய்ந்திருந்தாலே நாளொன்றுக்கு 2,700 கிலோ கலோரி தேவை. மலையேறித் திரிந்தால் அதைப் போல் இருமடங்கு. 18,000 அடிக்கு மேல் பனியாற்றின் மீது தின்பதற்கு என்ன கிடைக்கும்? கீழே காட்டுக்கு இறங்கிவந்து உண்கிறான் என்றால், அங்குள்ள மக்கள் கண்ணில் அவன் அடிக்கடி பட்டிருக்க வேண்டும். மேலும், தனியொருவனாக எந்த இனமும் நிலைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெருக ஒரு கூட்டமே வேண்டும். கூட்டம் இருந்தால் இறப்பும் உண்டு, எலும்பும் உண்டு. இதுவரை ஓர் எலும்புகூடக் கிடைத்ததில்லை.

பழங்காலத்தில் பேருருக் குரங்குகள் வாழ்ந்தது மெய்யே. 1935-இல் ஹாங்காங்கில் ஒரு சீன மருந்துக் கடையில் விற்பனைக்கு இருந்த கடைவாய்ப் பல்லிலிருந்து 'ஜைகாண்டோபிதிக்கஸ்' என்ற குரங்கினத்தைக் கோனிக்ஸ்வால்ட் இனங்கண்டார். இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்திலும் 1968-இல் அதையொத்த ஒரு கீழ்த்தாடை கிடைத்தது. ஆனால் இமாசலத் தாடையின் வயது 80 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். சீன இனமோ 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிற்று. அது ஒராங் உட்டானின் உறவினம் என்பதைப் பல்லில் எஞ்சியிருந்த புரதத்தைக் கொண்டு 2019-இல் நிறுவியுள்ளனர்.

அப்படியானால் இந்தக் கதை உலகெங்கும் பரவியது எப்படி? இமயமலை மக்களிடம் இது பழைய நம்பிக்கை. 1921-இல் எவரெஸ்ட் ஆய்வுப் பயணக் குழுவின் தலைவர் ஹோவர்ட்-பரி உயரமான கணவாய் ஒன்றில் சில தடங்களைக் கண்டார். ஓநாயின் தடமாக இருக்கலாம் என்பதே அவர் கருத்து. சுமை தூக்கிவந்தவர்களோ 'மெத்தோ காங்மி' என்றனர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிவந்த ஹென்றி நியூமன் அவர்களிடம் கேட்டு, அதை 'அருவருக்கத்தக்க பனிமனிதன்' என்று மொழிபெயர்த்துவிட்டார். பெயர் பரவிய வேகத்தில் ஓநாய் மறந்துபோயிற்று!

1960-இல் எட்மண்ட் ஹில்லாரி பனிமனிதனைத் தேடிச் சென்றார். கும்ஜுங் சிற்றூர் மடத்தில் போற்றப்பட்ட 'யெட்டியின் மண்டைத்தோலை' இரவல் பெற்று, மேல்நாட்டு அறிஞர்களிடம் காட்டினார். அது 'சீரோ' என்னும் மலையாட்டினத்தின் தோலைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்று தெரியவந்தது. 2017-இல் சார்லட் லிண்ட்குவிஸ்ட் குழுவினர், யெட்டியினுடையவை எனக் காக்கப்பட்ட எலும்பு, பல், தோல், முடி, சாணம் ஆகிய 9 பொருள்களின் மரபணுவை ஆராய்ந்தனர். அவற்றில் 8 கரடியினுடையவை. எஞ்சிய ஒன்று நாயினுடையது.

ஆக, மரத்தடியில் எங்கள் சிரிப்புக்கு ஆளான மாணவர் சொன்னதே சரி. அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்று பின்னர் கேட்டேன். சின்னாற்று மணலில் கரடித் தடங்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகியவராம். "பின்னங்கால் தடம் மனுசன் கால் மாதிரியே இருக்கும். முன்னங்கால் வச்ச இடத்துலயே பின்னங்கால வச்சா ரெண்டும் சேர்ந்து ஒரே நீளத் தடமாயிடும் சார்" என்றார். மக்காலு பகுதியில் கரடித் தடங்கள் காணப்படுவது வழக்கம் என்று நேபாள ராணுவத் தரப்பிலும் அப்போது கூறப்பட்டது.

எஞ்சியதைச் செய்வது வெயில். பனியில் பதிந்த குழியின் விளிம்பு உருகி விலகும். விரல்களின் இடையிலுள்ள மெல்லிய வரம்புகள் முதலில் மறையும். பனி காணாத தருமபுரியில் இதை எப்படிச் சோதிப்பது? மே மாதத்தில் ஒரு நாள் மீன் கடையிலிருந்து பனிக்கட்டித் தூள் வாங்கிவந்து, தகர தட்டில் அழுத்திப் பரப்பினோம். அந்த மாணவரின் தம்பி, ஏழு வயதுச் சிறுவன், அதில் தன் வெறுங்காலைப் பதித்துவிட்டு விளையாட ஓடிவிட்டான். கால் மணி நேரத்திற்குப்பின் வந்து பார்த்தபோது தடம் எல்லாப் பக்கமும் விரிந்து, விரல்கள் இருந்த இடம் ஒரே குழியாகியிருந்தது. "இது என் காலு இல்ல, அண்ணன் காலு" என்று அவன் அடித்துச் சொன்னான்.