ஆசவங்களும் அரிஷ்டங்களும்

ஆசவம், அரிஷ்டம் என்பன ஆயுர்வேத மருத்துவத்தில் நொதித்தல் முறையில் தயாரிக்கப்படும் நீர்ம மருந்துகள் ஆகும். மூலிகைகளைக் கொதிக்க வைத்து எடுத்த கஷாயத்தை நொதிக்கச் செய்தால் அது அரிஷ்டம் எனப்படும். கொதிக்க வைக்காத சாறு அல்லது நீரைக் கொண்டு செய்வது ஆசவம். எனினும் இப்பாகுபாடு எல்லா இடங்களிலும் பின்பற்றப்படவில்லை. எடுத்துக்காட்டாக, கஷாயம் இன்றி மோரில் செய்யப்படும் மருந்து தக்ராரிஷ்டம் என்றே வழங்கப்படுகிறது.

வரலாறு

சரக சம்ஹிதை தானியம், கனி, வேர், பூ, பட்டை முதலிய ஒன்பது வகை மூலப்பொருட்களில் இருந்து பெறப்படும் 84 ஆசவங்களைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்துச் சாரங்கதர சம்ஹிதை, அளவு கூறப்படாத இடங்களில் பின்பற்ற வேண்டிய பொது விதியைத் தருகிறது. அதன்படி 1 துரோணம் நீர்மத்துக்கு 1 துலாம் வெல்லமும், வெல்லத்தில் பாதியளவு தேனும், பத்தில் ஒரு பங்கு மருந்துப் பொடியும் சேர்க்கப்படும்.

தயாரிப்பு முறை

உட்புறம் நெய் பூசிய மட்பாண்டத்தில் இக்கலவையை ஊற்றித் தாதகிப் பூக்களைச் சேர்ப்பர். பாண்டத்தின் வாயை மூடிச் சீலைமண் செய்து, ஏறத்தாழ ஒரு மாதம் வைப்பர். வெப்பநிலை அதிகம் மாறாதிருக்கப் பாண்டத்தை நெற்குவியலுள் அல்லது நிலத்தில் புதைப்பதும் உண்டு. தற்காலத்தில் பெரிய தொட்டிகள் பயன்படுத்தப்படுகின்றன.

அறிவியல் விளக்கம்

உலர்ந்த தாதகிப் பூக்களில் இயற்கையாகவே ஈஸ்ட்டுகள் காணப்படுகின்றன. இவை சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. நொதித்தல் நடைபெறும்போது பாண்டத்தினுள் காட்டப்படும் தீக்குச்சி, இவ்வாயுவினால் அணைந்துவிடும். அணையாமல் எரிந்தால் நொதித்தல் முடிந்தது எனக் கொள்ளலாம். காற்று உட்புகுந்தால் எத்தனால் அசெட்டிக் அமிலமாக மாறி, மருந்து புளித்துக் கெடும்.

இம்மருந்துகளில் எத்தனால் பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். இது தானாக உருவாவது, வெளியிலிருந்து சேர்க்கப்படுவதில்லை. நீரில் கரையாத சில மூலிகைக் கூறுகளைக் கரைத்தெடுப்பதும், மருந்தை நீண்ட நாள் கெடாமல் காப்பதும் இதுவே.

சில எடுத்துக்காட்டுகள்

- தசமூலாரிஷ்டம்: பத்து வேர்களை முதன்மையாகக் கொண்டது
- அசோகாரிஷ்டம்: அசோக மரப்பட்டையில் இருந்து செய்யப்படுவது
- திராட்சாரிஷ்டம்: உலர் திராட்சையில் இருந்து செய்யப்படுவது
- குமார்யாசவம்: கற்றாழைச் சாற்றில் இருந்து செய்யப்படுவது
- லோகாசவம்: இரும்பு சேர்ந்தது

எச்சரிக்கை

இவை மூலிகை மருந்துகள் என்பதால் தீங்கற்றவை எனக் கருதுதல் தவறு. எத்தனாலும் சர்க்கரையும் உள்ளமையால் கருவுற்ற பெண்கள், குழந்தைகள், கல்லீரல் நோயாளிகள், நீரிழிவு நோயாளிகள், மதுப் பழக்கத்தில் இருந்து மீண்டவர்கள் ஆகியோர் மருத்துவரின் அறிவுரை இன்றி இவற்றை உட்கொள்ளல் ஆகாது. மதுப்பழக்கத்தைக் கைவிடத் தரப்படும் டைசல்பிராம் மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்குச் சிறிதளவு எத்தனாலும் கடும் எதிர்விளைவை உண்டாக்கலாம்.