பிழை திருத்தமும் வாக்கிய மாற்றமும்: ஆங்கிலப் பாடத்தின் இரண்டு பழைய பயிற்சிகள்

பிழையான வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்வதும், சரியான வாக்கியத்தைக் கொடுத்துப் பொருள் மாறாமல் வேறு வடிவில் எழுதச் சொல்வதும் ஆங்கிலம் கற்பிப்பதில் நெடுங்காலமாக இருந்துவரும் பயிற்சிகள். தமிழகப் பள்ளிகளில் படித்தவர்கள் இவற்றை ‘கரெக்ட் த எரர்ஸ்’, ‘ரீரைட் அஸ் டைரக்டட்’ என்ற வினாத்தாள் தலைப்புகளால் அறிவார்கள். இவற்றின் வேர் ஆங்கில வகுப்பில் இல்லை. ஐரோப்பியப் பள்ளிகளின் லத்தீன் வகுப்பில் இருக்கிறது.

முதலாம் எலிசபெத் அரசிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் எழுதிய ‘தி ஸ்கோல்மாஸ்டர்’ என்ற நூல், அவர் இறந்து இரண்டாண்டுகளுக்குப் பின் 1570இல் வெளிவந்தது. அது சொல்லும் முறைப்படி, மாணவன் பண்டை ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் லத்தீன் பகுதி ஒன்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சற்று நேரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அதை மீண்டும் லத்தீனாக்க வேண்டும். பிறகு ஆசிரியர் அவன் எழுதியதையும் சிசரோ எழுதியதையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். நன்றாக வந்த இடத்தைப் பாராட்டிவிட்டு, மாறிப்போன இடத்தில் எந்தச் சொல் ஏன் பொருந்தும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்பது ஆஸ்கமின் அறிவுரை. பிரம்படியை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். பின்வந்த திருத்த முறைகள் பலவற்றைவிட அவரது முறை மேலானது.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கே இலக்கணம் எழுதும் வேகம் பிறந்தபோது போக்கு மாறியது. பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட சிற்றிலக்கணத்தின் அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியர், மில்டன் போன்றவர்களின் வரிகளே பிழைக்கு எடுத்துக்காட்டாக நின்றன. நியூகாஸ்லில் பெண்கள் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் அதற்கு முன்பே, தவறான ஆங்கில வாக்கியங்களை மாணவர் திருத்துவதற்கென்று தம் இலக்கண நூலில் சேர்த்திருந்தார். இந்தப் பயிற்சியை உலகமெங்கும் கொண்டுசென்றவர் லிண்ட்லி மரே. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய அவர், அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றுக்காக 1795இல் இலக்கணம் எழுதினார். 1797இல் பயிற்சி நூலும், விடைகள் மட்டுமே கொண்ட தனி நூலும் வந்தன. ஒன்று மாணவன் கையில், மற்றொன்று ஆசிரியர் கையில். பக்கம் பக்கமாகப் பிழை வாக்கியங்களைப் படித்தால் பிழையே மனத்தில் பதியாதா என்ற எதிர்ப்பு 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. நியாயமான கேள்விதான், ஆனாலும் முறை நிலைத்துவிட்டது.

இந்தியாவில் அது வேரூன்றக் காரணம் தேர்வு. 1835இல் ஆங்கிலக் கல்விக்கு ஆதரவாக அரசு முடிவெடுத்ததும், 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தோன்றியதும், ஆங்கிலத் தேர்வை அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் வாசலாக்கின. ஒரே விடை கொண்ட கேள்வியைத் திருத்துவது எளிது, மதிப்பெண்ணில் தகராறும் வராது. வட இந்தியாவில் கல்வித் துறை அதிகாரியாக இருந்த ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தத் தேவையை நிறைவு செய்தன. 1930களில் பி. சி. ரென், எச். மார்ட்டின் இருவரின் நூல் அந்த இடத்தைப் பிடித்தது. ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே.

செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குவது, நேர்கூற்றை அயற்கூற்றாக்குவது, ‘டூ... டு’ வருமிடத்தில் ‘சோ... தட்’ போடுவது ஆகியவை இந்நூல்களின் வழியே பாடமாயின. ‘சென்னை இஸ் ஒன் ஆஃப் த பிக்கஸ்ட் சிட்டீஸ்’ என்பதை ‘வெரி ஃப்யூ சிட்டீஸ் ஆர் அஸ் பிக் அஸ் சென்னை’ என்று மாற்றத் தெரிந்தவருக்கு முழு மதிப்பெண். எந்த இடத்தில் எந்த வடிவம் பொருந்தும் என்பதை மட்டும் எந்த வினாவும் கேட்கவில்லை. வாய்பாடு மனப்பாடமானது, கடிதம் எழுதும்போது கை தயங்கியது.

இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் பிழைகளைத் தொகுத்து 1907இல் ஜி. சி. விட்வொர்த் ஒரு நூலே வெளியிட்டார். இத்தகைய பிழைகள் பலவற்றுக்குத் தாய்மொழியில் தெளிவான காரணம் உண்டு. ‘அவர் டாக்டர்’ என்பது ‘ஒரு’ இல்லாமலே தமிழில் முழு வாக்கியம். அதனால்தான் ‘ஹீ இஸ் டாக்டர்’ என்று எழுதி, நடுவில் வரவேண்டிய ‘எ’ விடுபடுகிறது. ‘எங்கே போகிறாய் என்று கேட்டேன்’ என்னும்போது ‘என்று’ என்ற ஒரு சொல் கேள்வியை அப்படியே தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் சொல்வரிசை மாற வேண்டும் என்பது தோன்றாமல் ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் இஸ் ஹீ கோயிங்’ என்று வருகிறது. ‘அதைப் பற்றி’ என்ற பழக்கம் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘அபவுட்’டைச் சேர்க்கிறது. இந்தக் காரணங்களைச் சொல்லாமல் சிவப்பு மையால் சுழித்து மட்டும் விட்டால், அதே பிழை அடுத்த நோட்டிலும் வரும்.

திருத்தி எழுதுவது எவ்வளவு உயர்ந்த பணியாக முடியும் என்பதற்குத் தமிழகத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. வலங்கைமானில் 1869இல் பிறந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். அதன் 1940ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலப் புலமை மிக்க நண்பர் ஒருவர் மொழிநடையைச் சீர்செய்ததாகவும், பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையுடன் அதைச் செய்ததாகவும் தேசாய் குறிப்பிடுகிறார். அவர் சாஸ்திரியே என்பது பின்னர் தெரியவந்தது. எழுதியவரின் கருத்தைத் தொடாமல் வாக்கியத்தை மட்டும் நேராக்கிவிட்டு விலகி நிற்பதே திருத்துபவரின் உண்மையான வேலை.

விடுதலைக்குப் பின் பள்ளிகளுக்கு வந்த அமைப்பு முறைப் பாடத்திட்டம் பிழையைக் கெட்ட பழக்கமாகக் கருதியது. சரியான வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் பிழை நேராது என்பது அதன் நம்பிக்கை. சென்னை மாநிலத்தில் 1959இல் தொடங்கிய இயக்கம் ஒன்று சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு இம்முறையில் பயிற்சியளிக்கத் திட்டமிட்டது. 1967இல் மொழியியலாளர் எஸ். பிட் கார்டர் எழுதிய ஒரு கட்டுரை இந்த நம்பிக்கையை அசைத்தது. ‘டாட்’ என்பதற்குப் பதிலாக ‘டீச்ட்’ என்று எழுதும் மாணவர் இறந்தகால விதியைப் பிடித்துவிட்டார். அந்தச் சொல் விதிவிலக்கு என்பதுதான் இன்னும் தெரியவில்லை. ஆகவே பிழை, கற்றல் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் தடயம். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் வேலைகள் வழியே ஆங்கிலம் கற்பித்து நடத்திய சோதனையில், கையிலிருக்கும் வேலைக்கு இடையே வேண்டியபோது மட்டும் திருத்தினார்கள். பிழையை வைத்துத் தனிப்பாடம் நடத்தவில்லை.

அதே காலத்தில் லெவன்ஸ்டன் (1978), ஆண்ட்ரு கோஹென் (1983) ஆகிய ஆய்வாளர்கள் வேறொரு வழியை முன்வைத்தனர். மாணவர் எழுதிய பத்தியை, கருத்து மாறாமல் ஆங்கிலத்தில் தேர்ந்த ஒருவர் முழுதாகத் திரும்ப எழுதித் தருவார். மாணவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆஸ்கமின் முறை நானூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பியதாகவே இதைக் கொள்ளலாம். சிவப்பு மைத் திருத்தத்தால் பயனில்லை என்று 1996இல் ஜான் டிரஸ்காட் வாதிட்டார். தெளிவாகவும் தேர்ந்தெடுத்தும் திருத்தினால் பயனுண்டு என்று 1999இல் டானா ஃபெரிஸ் மறுத்தார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் எழுதியதையும் திரும்ப எழுதித் தருவது இயலாது. ஆனால் வாரம் ஒரு மாணவரின் ஒரு பத்தியை, பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் திருந்திய வடிவத்தையும் காரணத்தையும் எழுதிக் காட்ட எந்த ஆசிரியராலும் முடியும். ஆங்கில ஆசிரியர்கள் அதைச் செய்ய வேண்டும்.