ராப்பா நூயி: பழைய நிழற்படங்கள் சொல்லும் வரலாறு

சிலி நாட்டின் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் பெருங்கடலில் தனித்திருக்கும் ஈஸ்டர் தீவை நம்மில் பலர் ஒரே படத்தின் வழியாகத்தான் அறிந்திருக்கிறோம். டோங்காரிக்கி என்னுமிடத்தில் கடலுக்கு முதுகு காட்டி வரிசையாக நிற்கும் 15 கற்சிலைகளின் படம் அது. தொன்மைக்குச் சான்றாக நூல்கள் அதனை அச்சிடுகின்றன. ஆனால் சிலைகள் தொன்மையானவையேயன்றி அந்தக் காட்சி தொன்மையானதன்று. 1960ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை சிதறடித்த அச்சிலைகள் மீண்டும் நிறுத்தப்பட்டது 1990களில்தான்.

1886இல் அமெரிக்கக் கப்பலான மொஹிகனில் வந்த வில்லியம் தாம்சன் குழுவினரும், 1914-15இல் தங்கி ஆய்ந்த ஆங்கிலப் பெண்மணி கேத்தரின் ரவுட்லெட்ஜும் எடுத்த படங்களைப் பார்த்தால், மேடைகளில் ஒரு சிலைகூட நிற்கவில்லை. பெரும்பாலானவை முகங்குப்புறக் கிடக்கின்றன. 1722இல் டச்சு மாலுமி ரோகவீன் நிற்கக் கண்டவை, அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வீழ்ந்துவிட்டன.

இப்படங்களைக் கண்டவர்கள், தீவினர் மரங்களை அழித்துத் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று எளிதாக முடிவு கட்டினர். ஆளற்ற புல்வெளியும் அதற்கு இசைவாகவே தோன்றியது. நாமோ அப்படங்களின் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம். 1862-63இல் பெருவிலிருந்து வந்த அடிமை வணிகர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கவர்ந்து சென்றனர். உயிருடன் திருப்பி அனுப்பப்பட்ட மிகச் சிலரோடு பெரியம்மையும் வந்து சேர்ந்தது. 1877இல் எஞ்சியிருந்தவர் 111 பேர் மட்டுமே! புகைப்படக் கருவி பதிவு செய்த வெறுமை, தொல்பழங்காலத்து வீழ்ச்சியன்று. ஒரு தலைமுறைக்கு முன் நிகழ்ந்த கொடுமையின் தடம். பதினேழாம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரிந்தது என்ற கூற்றுக்கு 2024இல் வெளியான பண்டைய மரபணு ஆய்வும் ஆதரவளிக்கவில்லை.

ரவுட்லெட்ஜ் எடுத்த படங்களுள் சிலைகளைவிட நம்மை நிறுத்தி வைப்பவை முதியோரின் முகங்களே. ரொங்கோரொங்கோ என்னும் தீவின் எழுத்தை ஓதத் தெரிந்தோர் கடத்தலிலும் நோயிலும் மாண்டனர். எஞ்சிய முதியோரிடம் இருந்தவை சிதறிய நினைவுகளே. அவ்வெழுத்து இன்றுவரை வாசிக்கப்படவில்லை.

1888இல் தீவைச் சிலி தன்னோடு இணைத்துக்கொண்டது. பின்னர் நிலமெல்லாம் ஆட்டுப் பண்ணையாயிற்று. மக்கள் ஹங்கா ரோவா என்ற ஊருக்குள் அடைக்கப்பட்டனர். 1953இல் பண்ணைக் குத்தகை முடிந்தது. அவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது 1966இல்.