மலையேறும் கணக்கு

சிறுசேரிப் பக்கம் சைக்கிளுக்கு ஏற்றம் என்று ஒன்று இருந்தால் அது முட்டுக்காடு பாலம்தான். அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் ஜெர்ஸியுமாகப் பறப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்த மாணவி கேட்டாள்: "மலையில பொம்பளைங்களுக்கு எவ்வளவு நேரம் மேடம் கூட ஆகும்?" 'கூட' என்பதை அவள் முடிவே செய்துவிட்டாள்.

பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலைப்பாதை 13.8 கிலோமீட்டர்; 21 கொண்டை ஊசி வளைவுகள்; சராசரிச் சரிவு 8.1 சதவீதம். 1990களில் மார்க்கோ பந்தானி 37 நிமிடங்களை ஒட்டி இதை ஏறினார். எந்த இடத்திலிருந்து கடிகாரத்தை ஓடவிட்டார்கள் என்பதில் இன்றும் சண்டை உண்டு. வெவ்வேறு மலைகளை ஒப்பிட, மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினார்கள் என்று கணக்கிடுவார்கள். 1,120 மீட்டரை 40 நிமிடத்தில் ஏறினால் 1,680. இந்தக் கணக்கைப் பரப்பியவர் மிக்கேலே ஃபெராரி என்ற இத்தாலிய மருத்துவர். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் அவருக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டது. பந்தானியின் 1998ஆம் ஆண்டு மாதிரிகளில் ஊக்கமருந்து இருந்ததை 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. பெண்களை அளக்க நீட்டப்படும் அளவுகோல் இதுதான்!

2024 ஆகஸ்ட் 18. பெண்கள் துர் த பிரான்சின் கடைசி நாள், அதே மலை. மூன்று நாள் முன்பு கீழே விழுந்து மஞ்சள் ஜெர்ஸியை இழந்திருந்தார் டெமி வொல்லரிங். கிளாண்டோன் கணவாயிலேயே தாக்கத் தொடங்கிவிட்டார். உடன் வந்த ஒரே போட்டியாளர் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ளவில்லை. இடையிலிருந்த பள்ளத்தாக்கில் முழுச் சுமையும் வொல்லரிங் மேல்தான். முதலாவதாக ஏறியும், 1 நிமிடம் 15 வினாடி முன்னிலையோடு வந்த கசியா நியவியதோமாவிடம் பட்டத்தை இழந்தார், 4 வினாடியில். அன்றைய அவருடைய மலை நேரத்தைத் தனியே பிடுங்கியெடுத்துப் பந்தானியின் பக்கத்தில் வைத்தால் அந்தப் பள்ளத்தாக்கு எங்கே போகும்?

1984இல் ஆண்கள் பந்தயத்தோடு அதே நாட்களில் பெண்களுக்கும் 18 கட்டங்கள் நடந்தன. அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். 1989உடன் அந்த ஏற்பாடு முடிந்தது. பிறகு பெயரும் அமைப்பாளரும் மாறி மாறி அலைந்த பெண்கள் பந்தயம், துர் பெயரோடு பல நாள் பந்தயமாகத் திரும்பியது 2022இல்தான். அதுவும் அந்த ஆண்டு எட்டே நாள். ஆண்களுக்கு 21.

நம் சைக்கிள் வரலாறு சமதளத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பெரும் எண்ணிக்கையில் கிராமத்துப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தந்தது. அவர்களும் நேரக் கணக்குப் பார்த்தார்கள்: பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு மிச்சம் என்று.

உனக்கு ஓட்டத் தெரியுமா என்று மாணவியிடம் கேட்டேன். தெரியுமாம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓட்ட வீட்டில் விடமாட்டார்களாம்.